தஞ்சைப் பக்கம் குடிவருவோர் அடுக்களையை எந்த வரிசையில் அமைக்க வேண்டும்?

வேலை மாற்றலாகியோ, திருமணமாகியோ, ஓய்வுக்குப் பிறகு பூர்வீக ஊரை நாடியோ தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் குடிவருகிறவர்களில் பலர் வந்த வேகத்தில் பாத்திரக் கடைக்குப் போய்விடுகிறார்கள். பித்தளையும் வெண்கலமும் கண்ணைப் பறிக்கும் ஊர்கள் இவை என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் அடுப்பும், தண்ணீரும், அரிசியும் முடிவாகாமல் வாங்கும் பாத்திரங்களில் பாதி பரணுக்குத்தான் போகும். குடித்தனம் தொடங்க அலைந்து திரிந்து நான் தெரிந்துகொண்டவற்றை, எது முதலில், எது பிறகு என்ற வரிசையோடு இங்கே எழுதுகிறேன்.

1. எரிவாயு இணைப்பு: சாமான் ஏற்றுவதற்கு முன்பே தொடங்குங்கள்

ஏற்கெனவே இணைப்பு வைத்திருப்பவர்கள் வேறு ஊருக்குக் குடிபெயரும்போது, பழைய ஊர் முகவரிடம் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்று, மாற்றுச் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அடுப்பை ஒப்படைக்கத் தேவையில்லை. இங்கே வந்ததும் அந்தச் சீட்டைப் புதிய முகவரிடம் கொடுத்து, மறுபடி வைப்புத்தொகை கட்டினால் இணைப்பு கிடைக்கும்.

இதில் பலர் எதிர்பாராத செலவு ஒன்று இருக்கிறது. பழைய ஊரில் திரும்பக் கிடைப்பது நீங்கள் அன்று கட்டிய தொகை; இங்கே கட்ட வேண்டியது இன்றைய தொகை. 2022 ஜூன் மாதத்தில் 14.2 கிலோ சிலிண்டருக்கான வைப்புத்தொகை 1,450 ரூபாயிலிருந்து 2,200 ரூபாயாகவும், ரெகுலேட்டருக்கானது 150 ரூபாயிலிருந்து 250 ரூபாயாகவும் உயர்ந்தது. அதற்கு முன் 1,600 ரூபாய் கட்டியவர் இப்போது 2,450 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், 850 ரூபாயைக் கையிலிருந்து போட வேண்டும். இன்னும் பழைய இணைப்பாக இருந்தால் வித்தியாசம் கூடும். முதல் இணைப்பின்போது வைப்புத்தொகைக்குச் சான்றாகக் கொடுத்த எஸ்.வி. சீட்டைத் தொலைத்திருந்தால் உறுதிமொழிக் கடிதம் கேட்பார்கள். பெட்டி கட்டும் நாளில் அதைத் தேடாமல், ஒரு மாதம் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

புதிதாக இணைப்பு எடுப்பவர்களுக்கு ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம், வங்கிக் கணக்குப் புத்தக நகல் ஆகியவை வேண்டும். ஆதாரில் பழைய முகவரி இருந்தால் வாடகை ஒப்பந்தம் கைகொடுக்கும். இந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் வீட்டுக்காரர்கள் வாய்ப்பேச்சிலேயே வீட்டைக் கொடுத்துவிடுவது வழக்கம். முன்பணம் கொடுக்கும்போதே ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

"எங்களிடம் அடுப்பு வாங்கினால்தான் இணைப்பு" என்று ஒரு முகவர் என்னிடம் சொன்னார். அப்படி ஒரு விதியே கிடையாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள உங்கள் சொந்த அடுப்பையே பயன்படுத்தலாம். அதைச் சோதித்துப் பார்க்கும் கட்டணத்தை மட்டும் ரசீது பெற்றுக்கொண்டு கட்டினால் போதும். மறுத்தால் அந்த மறுப்பை எழுதிக் கொடுக்கும்படி கேளுங்கள். பெரும்பாலும் அத்துடன் பேச்சு மாறிவிடும்.

பழைய ஓட்டு வீட்டில் குடியேறுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரேழி, முற்றம் எல்லாம் கடந்து உள்ளே போனால் அடுக்களையில் தரையோடு தரையாக விறகடுப்பு மேடைதான் இருக்கும். எரிவாயு அடுப்பு சிலிண்டரின் தலைக்கு மேலான உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால், கடப்பைக் கல் மேடை இல்லாத வீட்டில் மெக்கானிக் இணைப்புக் கொடுக்காமல் திரும்பிவிடுவார். மேடைக்கு ஆகும் செலவு யாருடையது என்பதை வாடகை பேசும்போதே பேசிவிடுங்கள்.

முதல் சிலிண்டர் வந்ததும் அதன் கழுத்து வளையத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். 'ஏ' என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, 'பி' அடுத்த மூன்று மாதம், 'சி', 'டி' அதற்கடுத்தவை. எண் ஆண்டைக் குறிக்கும். 'சி-28' என்றிருந்தால் 2028 செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். காலம் கடந்ததை வாங்காதீர்கள். வெற்றுச் சிலிண்டரின் எடையும் அதன் மேலேயே எழுதியிருக்கும், அதனோடு 14.2 கிலோ சேர்ந்து வருகிறதா என்று எடைபோட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. கசிவு தோன்றினால் அழைக்க வேண்டிய எண் 1906. ரப்பர்க் குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும்.

இணைப்புக் கிடைக்கும் வரை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: அடையாளச் சான்று ஒன்றை மட்டும் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிறு சிலிண்டர் பெட்ரோல் பங்க்குகளிலும் முகவர்களிடமும் கிடைக்கிறது. கிலோக் கணக்கில் விலை கூடுதல்தான் என்றாலும், உணவகச் சாப்பாட்டுச் செலவோடு ஒப்பிட்டால் இதுவே மேல்.

2. குடும்ப அட்டை

தமிழ்நாட்டு அட்டை ஏற்கெனவே இருந்தால் உணவுப் பொருள் வழங்கல் துறையின் இணையதளத்தில் முகவரி மாற்றம் செய்தால் போதும். புதிதாக எடுப்பவர்கள் பெற்றோர் அட்டையிலிருந்து பெயரை நீக்கிய பிறகே விண்ணப்பிக்க வேண்டும். கள விசாரணைக்கு வருபவர் உங்களுக்குத் தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்ப்பார். விண்ணப்பத்திலும் எரிவாயு இணைப்பு விவரம் கேட்கப்படும். எரிவாயுவை முதலில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நியாயவிலைக் கடை அரிசியில் வெளுத்த, சற்றே வேறுபட்ட மணிகள் அங்கங்கே தென்பட்டால் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறியாதீர்கள். இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணிகள் அவை. 100 கிலோவுக்கு 1 கிலோ என்ற அளவில் கலந்திருப்பார்கள். கழுவிச் சமைக்கலாம்.

3. தண்ணீர்: பாத்திரத்துக்கு முன்னால் பருப்பை வேகவைத்துப் பாருங்கள்

ஆற்றோர ஊர்களில் குடிநீர்க் குழாயில் வருவது ஒருவகை, வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் வருவது வேறுவகை. கடற்கரையை நெருங்க நெருங்க உப்பு ஏறும். வேதாரண்யம் வரைக்கும் கொள்ளிடத்துத் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோவதற்குக் காரணமே அதுதான். ஆகவே பக்கத்து ஊரில் இருக்கும் உறவினர் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல், உங்கள் வீட்டுத் தண்ணீரை நீங்களே சோதித்துப் பாருங்கள்.

வீட்டுச் சோதனை எளிது. ஒரே பாக்கெட் துவரம்பருப்பை இரண்டு சிறு பாத்திரங்களில் சம அளவு எடுத்து, ஒன்றில் குழாய்த் தண்ணீரும் மற்றொன்றில் கிணற்றுத் தண்ணீரும் ஊற்றி, குக்கரில் போடாமல் திறந்த நிலையில் வேகவையுங்கள். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் பருப்பு மலராமல், விரலால் நசுக்கினால் உள்ளே முனை நிற்கும். அந்தத் தண்ணீரில் சாம்பாரும் சரிவராது, காபி டிகாக்‌ஷனும் சரிவராது. பாத்திர அடியில் வெள்ளைப் படிவம் கட்டுவது தனித் தொல்லை.

முறையான அறிக்கை வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். இந்தியத் தரநிலைப்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி உண்டு. அறிக்கையில் 500-க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. இயந்திரத்துக்குப் பணம் கொட்ட வேண்டாம் என்பது என் கருத்து. விற்பனையாளர் வீட்டு வாசலில் மின்முனைகளைத் தண்ணீரில் விட்டுப் பழுப்பு நிறம் வரவழைத்துக் காட்டுவார். அந்த நிறம் பெரும்பாலும் மின்முனையின் இரும்பு கரைந்து வருவது. அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

4. அரிசி: மூட்டையாக வாங்குவதற்கு முன் இரண்டு கிலோ

நெல் விளையும் ஊர் என்பதால் எப்போதும் நல்ல அரிசி கிடைக்கும் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் இங்கே இருக்கும் சிக்கலே புது அரிசிதான். குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு வருகிறது; சம்பாவும் தாளடியும் தை முதல் பங்குனி வரை வருகின்றன. அந்த மாதங்களை ஒட்டி வாங்கும் அரிசி, கடைக்காரர் என்ன சொன்னாலும், புதியதாக இருக்க வாய்ப்பு அதிகம். புது அரிசி பொங்கலுக்கு இனிக்கும். அன்றாடச் சோற்றுக்குக் குழையும்.

பார்த்து வாங்க ஒரு வழி: நாலைந்து மணிகளைப் பல்லிடையில் வைத்துக் கடியுங்கள். பழைய அரிசி நறுக்கென்று உடையும். புதியது மாவாகிப் பல்லில் ஒட்டும். பிறகு இரண்டு கிலோ மட்டும் வாங்கி, பச்சரிசியானால் ஒன்றுக்கு இரண்டு தண்ணீரில் ஒருநாளும், ஒன்றுக்கு இரண்டரையில் மறுநாளும் சமைத்துப் பாருங்கள். இரண்டிலேயே குழைந்தால் அந்த மூட்டை உங்களுக்கு வேண்டாம், அல்லது ஆறு மாதம் வைத்திருந்து எடுக்க வேண்டும்.

மூட்டை விலையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, பெயர் அச்சிட்டுச் சிப்பமிட்ட அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதித்தார்கள், அதைத் தவிர்க்கவே ஆலைகள் 26 கிலோ மூட்டை போடத் தொடங்கின. எனவே மூட்டை விலையை மூட்டை விலையோடு ஒப்பிடாமல், கிலோ விலையாக வகுத்துப் பாருங்கள்.

இட்லிக்குக் குண்டரிசி தனியாக வாங்க வேண்டும். சாப்பாட்டுப் பொன்னியில் அரைத்துவிட்டுக் கல்லைக் குறை சொல்லிப் பயனில்லை. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்ற மரபு அரிசிகளில் ஆசை இருந்தால் அரைக் கிலோவில் தொடங்குங்கள். இரவே ஊறவைக்காவிட்டால் அவை எளிதில் வேகா, எரிவாயுதான் வீணாகும்.

சோற்றை வடிக்கப் போகிறீர்களா, குக்கரில் வைக்கப் போகிறீர்களா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். அடுத்து வாங்கப் போகும் பாத்திரம் அதைப் பொறுத்தது. வடிப்பவர்களுக்கு வாய் மடிந்த குண்டானும், அதன் வாய்க்குப் பொருந்தும் வடிதட்டும் வேண்டும். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிவைக்க ஒரு மண்சட்டி போதும். குக்கர் வீட்டில் குண்டானுக்கு வேலையே இல்லை.

5. பாத்திரம்: எடை, பில், முகூர்த்த மாதம்

பித்தளை, வெண்கலம் இரண்டும் எடைக்கு விற்கப்படுபவை. கடைக்குள் நுழைந்ததும் பாத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே இன்றைய கிலோ விலை என்ன என்று கேளுங்கள். செம்பின் சந்தை விலையோடு அது ஏறி இறங்கும். கிலோ 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 2 கிலோ 300 கிராம் உள்ள தவலைக்கு 2,300 ரூபாயும் வரியும் என்று பில்லில் தனித்தனியாக வர வேண்டும். "மொத்தமாக இவ்வளவு" என்று சொன்னால் எடைபோடச் சொல்லுங்கள். தராசில் எடையளவுத் துறையின் அந்த ஆண்டு முத்திரை இருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை கட்டாயம். மூடியோ, இரும்புக் கைப்பிடியோ இருந்தால் அதைக் கழற்றிவிட்டு எடைபோட வேண்டும், ஏனெனில் இரும்புக்குப் பித்தளை விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

வெண்கலப் பானையை வாங்கும்போது அதை ஒரு கைவிரலில் தொங்கவிட்டு, மறுகை முட்டியால் தட்டிக் கேளுங்கள். நல்ல பானை மணிபோல் நீண்டு ஒலிக்கும். மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒலி 'டப்'பென்று அடங்கிவிடும். செம்பும் வெள்ளீயமும் (டின்) சேர்ந்த வெண்கலம் உறுதியானதுதான், ஆனால் நொறுங்கும் தன்மை உடையது. கீழே போட்டாலோ, சூட்டோடு குளிர்ந்த நீர் ஊற்றினாலோ வெடிக்கக்கூடும். பொங்கலுக்கும் சோற்றுக்கும் அதைவிட நல்ல பாத்திரம் நான் கண்டதில்லை. அடி பிடிக்காது, சூடும் வெகுநேரம் நிற்கும். வெண்கலத்துக்கு உட்பூச்சு தேவையில்லை என்றாலும் புளிக்குழம்பை அதில் வைத்திருக்கக்கூடாது.

பழைய பித்தளையைக் கொடுத்துப் புதியது எடுப்பவர்கள், பழையதற்கு என்ன கிலோ விலை, சேதாரம் எவ்வளவு கழிப்பார்கள் என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். புதியதைத் தேர்ந்தெடுத்து மனம் ஒன்றிய பிறகு பேசினால் பேரத்தில் நமக்குப் பிடி இருக்காது. வீட்டிலேயே எடைபோட்டுக் குறித்துக்கொண்டு போங்கள்.

தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரங்களில் சீர்வரிசைக் கூட்டம் கடையை அடைத்துக்கொள்ளும். அப்போது உங்கள் ஒற்றைப் பானையை நின்று எடைபோட்டுக் காட்ட ஆள் இருக்காது. மார்கழி அல்லது ஆடியில், முற்பகலில் போங்கள்.

இரும்பு வாணலியும் தோசைக்கல்லும் விலை மலிவு. ஆனால் பழக்க ஒரு வாரம் ஆகும். மூன்று நாள் வடித்த கஞ்சியை ஊற்றிவைத்துக் கழுவி, பிறகு எண்ணெய் தடவி வெங்காயம் வதக்கிக் கொட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கழுவிய உடனே அடுப்பில் காட்டி உலர்த்தி எண்ணெய் தடவாவிட்டால் விடிவதற்குள் துரு ஏறிவிடும். நான்ஸ்டிக் தோசைக்கல்லை நான் பரிந்துரைப்பதில்லை.

6. ஈயம்: இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

புளி, மோர், தக்காளி ஆகியவை பித்தளையில் நேராகப் பட்டால் களிம்பு ஏறும். அது உடலுக்குக் கெடுதல். ஆகவே சமைக்கும் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளீயப் பூச்சு இருக்க வேண்டும். கடையில் விற்கும் புதுப் பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் பூச்சு இருக்கும் என்று நினைக்காதீர்கள். உள்ளே மஞ்சளாகத் தெரிந்தால் பூச்சு இல்லை.

ஈயம் பூசுபவர் பாத்திரத்தை நன்றாகத் துலக்கி, தீயில் சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் தூவுவார். வெண்புகை எழும்பும் அந்த நொடியில் ஈயக் கம்பியைத் தொட்டதும் அது உருகி ஓட, பஞ்சால் ஒரு சுற்றுத் தேய்க்கிறார். மஞ்சள் பாத்திரம் கண்முன்னே வெள்ளியாகிவிடும். அருகில் நின்று பார்ப்பதில் தவறில்லை, புகைக்கு எதிர்த்திசையில் நில்லுங்கள்.

காரீயம் (லெட்) கலந்த மலிவுப் பூச்சு நஞ்சு, அதிலும் குழந்தைகளுக்குப் பெருங்கேடு. கம்பியைக் கையில் வாங்கி மடித்துப் பாருங்கள்: வெள்ளீயம் மடியும்போது 'கிறீச்' என்று முனகும், காரீயம் ஓசையின்றி வளையும். வெள்ளைத் தாளில் இழுத்தால் காரீயம் கருங்கோடு போடும். இவை முழு உறுதி தரும் சோதனைகள் அல்ல, கலவையாக இருந்தால் ஏமாற்றிவிடும். அதனால் நம்பகமான கடையில் வெள்ளீயத்தை நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுத்துவிட்டு, பூசுவதற்குக் கூலி மட்டும் பேசுவது நல்லது. கிலோ விலையைக் கேட்டால் தலைசுற்றும் என்றாலும் ஒரு பாத்திரத்துக்குச் சில கிராம்களே செலவாகும்.

ரசத்துக்கான ஈயச்சொம்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பில்லில் 'வெள்ளீயம்' என்ற சொல்லும் எடையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். வெள்ளீயம் 232 பாகையில் உருகிவிடும் என்பதால், முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். தீ அடியோடு நிற்க வேண்டும், பக்கவாட்டில் ஏறக்கூடாது. ஈயம் பூசிய பாத்திரத்தில் கடுகு தாளிப்பதும் கூடாது. தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியே செய்து கொட்டுங்கள். கம்பிநார் போட்டுத் தேய்த்தால் பூச்சு சீக்கிரம் போய்விடும்.

பொங்கலை ஒட்டி ஈயம் பூசுபவர்களிடம் கூட்டம் நெரியும். கார்த்திகை முடிவதற்குள் கொடுத்து வாங்கிவிடுங்கள்.

7. குக்கரும் கிரைண்டரும்

பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை சட்டப்படி கட்டாயம். முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை இந்தியத் தரநிலைக் கழகத்தின் (பி.ஐ.எஸ்.) செயலியில் தட்டிப் பார்த்தால் உண்மையானதா என்று தெரிந்துவிடும். திருவிழாக் கடைகளில் குவித்து விற்பதை அப்படிச் சோதிக்காமல் எடுக்காதீர்கள்.

கிரைண்டரை ஆடித் தள்ளுபடியில் வாங்கலாம். கல்லால் அரைக்கும் வெட் கிரைண்டருக்கு 5 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி. 2022 ஜூலையில் மிக்சிக்கு இருப்பதைப் போலவே 18 ஆனது. நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டு லிட்டர் போதும். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இல்லாவிட்டால் பிறகு அது வெறும் அட்டைதான். நுகர்வோர் புகாருக்கான எண் 1915.

8. காபி

கும்பகோணம் வந்துவிட்டோம் என்று பித்தளை ஃபில்டரும் பித்தளை டவராவும் வாங்குகிறவர்களைத் தடுக்க முடியாது. டவரா வாங்கிக்கொள்ளுங்கள். ஃபில்டர் எவர்சில்வராக இருக்கட்டும். டிகாக்‌ஷன் பல மணிநேரம் உள்ளே நிற்பதால், பூச்சு தேய்ந்த பித்தளை அதற்கு ஏற்றதன்று.

சுவையை முடிவு செய்வது பாலும் பொடியும்தான். பொடிப் பாக்கெட்டில் காபி எத்தனை விழுக்காடு, சிக்கரி எத்தனை என்று அச்சிட்டிருக்க வேண்டும். கலப்புப் பொடியில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது விதி. அந்தக் கீழ் எல்லையில் நிற்கும் பொடி கறுப்பாகவும் கெட்டியாகவும் இறங்குமே தவிர மணக்காது. அரைத்துக் கொடுக்கும் கடையில் எண்பதுக்கு இருபது கேட்டு, நூறு கிராமுக்கு மேல் வாங்காமல், கண்ணெதிரே அரைத்து வாங்குங்கள். பாலில், 6 விழுக்காடு கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பால் நல்லது. 3 விழுக்காட்டுப் பாலில் போட்டுவிட்டுப் பொடியைக் குறை சொல்கிறவர்கள் ஏராளம். உள்ளூரில் கறந்த பால் கிடைத்தால், ஒரு வாரம் காசு கொடுத்து வாங்கிக் காய்ச்சிப் பார்த்து, ஆடை கட்டுவது நாளுக்கு நாள் மாறாமல் இருக்கிறதா என்று கவனித்த பிறகு மாதக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.